கால் இறக்காத பெட்டி

பிக்கப் ஒன்றை விற்கச் சொல்வதற்கு என்னைக் கூப்பிட்டது என் தங்கை நிர்மலா செய்த முதல் பிழை. கள்ளுக் குடிக்கிறவனைக் கூப்பிட்டுத் தவறணையை மூடச் சொன்ன கதைதான்.

நான் இருப்பது கனடாவில், கல்கரியில். வீட்டு வாசலில் ஒரு கனரகப் பிக்கப் நிற்கிறது. எட்டுச் சிலிண்டர், பெட்ரோல். டீசல்தான் இழுவைக்குத் திறம் என்று தெரிந்தவன் எல்லாம் சொன்னான். கல்கரிப் பனிக்குளிரில் காலையில் ஒரே திருப்பில் இயங்குவதும், பழுதானால் தெருமுனை மெக்கானிக்கே திருத்தக் கூடியதும் பெட்ரோல்தான் என்று நான் அடித்துப் பேசி வாங்கினேன். அதன் பின்னால் கொழுவி இழுக்க, படுக்கையும் அடுப்பும் கக்கூசும் வைத்த ட்ரெயிலர் ஒன்று. வீட்டில் அதைப் 'பெட்டி' என்போம். யாழ்ப்பாணத்தில் உழவு மிசினுக்குப் பின்னால் இழுபடுவதற்கும் அதுதானே பெயர்.

முதல் இரண்டு கோடையும் மனைவி சுகந்தி கூட வந்தாள். பின்னேரம் போய்ச் சேருவோம், விடிந்ததும் அடுத்த இடத்துக்குக் கிளப்புவேன். மூன்றாம் கோடை அவள் வரவில்லை. "நீங்கள் இடம் பாக்கப் போறேல்லை. இடத்தை விட்டுப் போறதுக்காகத்தான் போறியள்" என்றாள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

அப்படிப்பட்ட எனக்குத்தான் தங்கை இருக்கும் இத்தாலியத் தீவு நகரமான பலேர்மோவிலிருந்து தொலைபேசி வந்தது. "அண்ணை, இவர் ஒரு கண்டறியாத பிக்கப் வாங்கிக்கொண்டு வந்து நிக்கிறார். அமெரிக்கன் பிக்கப். இழுக்கிறதுக்கு ஒரு பெட்டியும். நீ வந்து விக்கச் சொல்லு. நீ சொன்னாத்தான் கேப்பார்."

'இவர்' என்பது தாசன், நிர்மலாவின் கணவர். மன்னார்க் கத்தோலிக்கர். நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவம். இருவரும் பலேர்மோவில்தான் சந்தித்துக் கலியாணம் கட்டினார்கள். அவள் வீடுகளில் துப்புரவு வேலை, அவர் பாண் சுடும் வெதுப்பகம் ஒன்றுக்குச் சின்ன வான் ஓட்டுகிறார். பலேர்மோவின் ஒரேத்தோப் பகுதியில் அவர்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டை வீட்டுக்காரம்மா, இவர்கள் வாயில் 'சினியோரா', விற்கப் போகிறார். முதலில் உங்களைத்தான் கேட்கிறேன், திங்கட்கிழமை பதில் சொல்லுங்கள் என்றிருக்கிறார். பிக்கப்பை விற்றால் வீட்டுக்கு முற்பணம் கட்டலாம். கத்தானியாவில் ஒருவர் வாங்கத் தயாராக நிற்கிறார். விற்காவிட்டால் வீடு கை மாறும், இவர்கள் சாமான் கட்ட வேண்டியதுதான். விசயம் அவ்வளவுதான். நான் விமானம் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை போய் இறங்கினால் ரயில் ஓடவில்லை. வேலைநிறுத்தமாம். பேருந்து வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் தன் மனைவிக்குச் சொன்னதைப் பக்கத்தில் நின்ற தமிழ்ப் பெடிச்சி எனக்கு மொழிபெயர்த்தாள்: "வெள்ளிக்கிழமை செய்தால் அது வேலைநிறுத்தமில்லை, லீவு." கல்கரியில் பேருந்து பிந்தினால் எல்லோரும் கைபேசிக்குள் தலையைக் குனிந்துகொள்வார்கள். இங்கே ஆளையாள் தெரியாதவர்கள் எல்லாம் சேர்ந்து சத்தம் போட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நிற்கத்தான் பொறுக்கவில்லை. பயணப் பையை இழுத்துக்கொண்டு மேலும் கீழும் நடந்தேன்.

ஒரேத்தோ ஒழுங்கைக்குள் திரும்பியதும் அந்தப் பிக்கப்பைக் கண்டேன். கண்ணாடிகளை மடக்கி, ஒரு சில்லு நடைபாதையில் ஏற, முழு ஒழுங்கையையும் அடைத்துக்கொண்டு நின்றது. என்னுடையதன் அண்ணன்காரன், சிவப்பு. ஒரு ஸ்கூட்டர்காரன் அதற்கும் சுவருக்கும் இடையில் வயிற்றை எக்கிக்கொண்டு போனான். போகும்போது திட்டவில்லை, கையால் பொனெற்றைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்!

"சும்மா ஒருக்கா ஸ்ராட் பண்ணிப் பாப்பமே?" என்றேன், வணக்கம் சொல்லுமுன். தாசன் திறப்பை நீட்டினார். எட்டுச் சிலிண்டரும் ஒன்றாய் உறுமியபோது மேல்மாடி யன்னல்கள் எல்லாம் திறந்தன.

நிர்மலா வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். "உன்ரை மூஞ்சையைப் பாத்தாலே தெரியுது. கெட்டுது காரியம்."

இரவுச் சாப்பாடு புட்டும் கணவாய்க் கறியும். தாசன் சாப்பிடவில்லை, கதைத்தார். இந்தத் தீவிலிருந்து தன் ஊருக்குத் திரும்பிய ஒரு அமெரிக்கனிடம் வாங்கியதாம். இங்கே பெட்ரோல் விலைக்குக் கட்டாது என்று, அதில் எரிவாயுத் தாங்கி ஒன்றும் பொருத்தி, பெட்ரோலிலும் ஓடும், காஸிலும் ஓடும் என்று செய்து வைத்திருந்தார். இந்தப் பாரத்துக்குச் சாதாரண லைசென்ஸ் காணாது. இத்தாலியனில் கேள்வி பாடமாக்கி, இரண்டு தரம் கோட்டைவிட்டு, மூன்றாம் தரம் லொறி லைசென்ஸும் இழுவை லைசென்ஸும் எடுத்த மனுசன். பெட்டிக்குள் கொத்து ரொட்டிக் கல், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி. கோடைக்குக் கடற்கரை கடற்கரையாய்ப் போய்க் கொத்தும் ரோல்ஸும் விற்பதுதான் திட்டம்.

"எத்தினை வருசம் மற்றவன்ரை பாணை ஏத்தி இறக்கிறது, மச்சான்? சொந்தமா ஒண்டு வேணும். நீங்கள் சொல்லுங்கோ, பிழையே?"

நான் வாயில் புட்டை நிறைத்துக்கொண்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை எங்கடை ஆக்களின்ரை விளையாட்டுப் போட்டி. கொத்துப் போட வாறன் எண்டு சொல்லிப்போட்டன். நீங்களும் வாங்கோ. ஓட்டத்தைப் பாருங்கோ. பாத்துப்போட்டு நீங்கள் வில் எண்டு சொன்னா மறுகதையில்லை, விக்கிறன்."

நிர்மலா கோப்பையை என் முன்னால் கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

சனிக்கிழமை சாமான் வாங்க அவளோடு பல்லரோச் சந்தைக்குப் போனேன். வாள்மீனின் தலையை ஐசில் குத்தி நிறுத்தி வைத்துக்கொண்டு ஒருவன் தேவாரம் மாதிரி இழுத்து இழுத்துக் கூவுகிறான். கடலை மாவில் பொரித்த பனெல்லேயை எலுமிச்சம் புளி விட்டுப் பாணுக்குள் வைத்துத் தந்தார்கள். எங்கள் கடலை வடையின் சொந்தக்காரன். மூலையில் ஒரு தமிழ்க் கடை. முருங்கைக்காயும் கருவேப்பிலையும் இருந்தன. கல்கரியில் முருங்கைக்காய் ஐஸ்கட்டி உடுப்போடுதான் கிடைக்கும். நிர்மலா ஒவ்வொரு கடையிலும் நின்று சுகம் விசாரித்தாள். மீன்காரனின் மகளுக்குப் பிரசவம் எப்போது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் ஒரு கடையில் நிற்கும்போதே அடுத்த கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் நில்லன். ஆரோ துரத்திக் கலைக்கிற மாதிரி" என்றாள்.

"நீ ஏன் அந்தப் பெட்டிக்கு இவ்வளவு எதிர்ப்பு? மனுசன் ஆசைப்பட்டு..."

"எனக்குச் சில்லு வைச்ச ஒண்டும் வேண்டாம்." பெட்டி வந்த நாளிலிருந்து அவள் அதன் படியில் கால் வைக்கவில்லை என்று தாசன் பிறகு சொன்னார்.

பின்னேரம் ஒழுங்கை முடிவில் உள்ள சால்வோவின் கராஜில் பெட்டியைப் பார்த்தோம். சால்வோ தொந்தியும் எண்ணெய்த் துணியுமாய் ஒரு மனிதர். எரிவாயுத் தாங்கி பொருத்தியது அவர்தான். கொழுவி, டயர், விளக்கு, பிரேக் எல்லாம் நான் குனிந்தும் படுத்தும் பார்த்தேன். ஒரு பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடித்திருந்தால் நல்லாயிருக்கும்.

ஞாயிறு விடியவே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாமான் ஏற்றத் தாசனுக்குக் கை கொடுத்திருக்க வேண்டும். நானோ தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் துறைமுகத்துக்கு நடந்தேன். ஜெனோவாவிலிருந்து வந்த கப்பல் வாயைத் திறந்து லொறிகளையும் கரவன்களையும் கக்கிக்கொண்டிருந்தது. இந்தப் பிக்கப்பை இதில் ஏற்றினால் ஜெனோவா, அங்கேயிருந்து பிரான்ஸ், பிறகு... என்று நான் நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். விற்கச் சொல்ல வந்த ஆள்!

திரும்பி வர எல்லாம் ஏற்றி முடிந்திருந்தது. தாசன் பிக்கப்பின் சில்லுகளுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். மருந்துக்கும் சின்னக் காய் கிடைக்காத ஊர்; ஒவ்வொன்றும் மாங்காய் அளவு. டாஷ்போட்டில் மடு மாதாவும் பிள்ளையாரும் தோளோடு தோள். சால்வோ தலையில் கை வைத்தார். "அட பாவிகளா, அதை மீனுக்குப் பிழிய வேண்டியதல்லவா!" என்று அவர் கத்தியதைத் தாசன் தமிழில் சொல்லிச் சிரித்தார். நிர்மலா சிரிக்கவில்லை. பின் இருக்கையில் ஏறி, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எலுமிச்சை நசுங்கியது, புறப்பட்டோம்.

சட்டப்படி தாசன்தான் ஓட்ட வேண்டும். எனக்கு அது பெரிய தண்டனை. இல்லாத பிரேக்கை என் கால் மிதித்தபடியே வந்தது. நகரத்துக்குள் அருமையாய்த்தான் ஓடினார். பெருந்தெருவில் ஏறி, கடல் இடப்பக்கம் தெரியத் தொடங்கியதும் தாசன் காலை அழுத்தினார். இறக்கம் ஒன்று வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பேருந்து எங்களைத் தாண்டியது.

பெட்டி இடம் போனது. பிறகு வலம் போனது. பிறகு பிக்கப்பின் பின்பக்கத்தையும் இழுத்துக்கொண்டு இடம் போனது.

"பிரேக் பிடியாதையும்! காலை எடும்! ஸ்டீரிங்கை நேரா வைச்சிரும், திருப்பாதையும்!" என்று நான் கத்தினேன்.

பின்னால் நிர்மலா "மாதாவே" என்று கத்தினாள். தாசன் "முருகா" என்றார். அத்தனை வருடக் கலியாணம் சாமிகளையும் இடம் மாற்றியிருந்தது. பின்னால் வந்த கார்கள் எல்லாம் ஹோன் அடித்தன. வேகம் விழ விழ ஆட்டமும் விழுந்தது. தெருவோரத்தில் ஒதுக்கி நிறுத்தியபோது தாசனின் கைகள் ஸ்டீரிங்கிலிருந்து கழலாமல் இருந்தன.

இறங்கிப் போய்ப் பெட்டிக் கதவைத் திறந்தேன். பார்த்ததும் விளங்கிவிட்டது. கொத்துக் கல், சோடாப் பெட்டிகள், கோதுமை மா மூட்டை, தண்ணீர்க் கலன்கள் எல்லாம் கடைசிச் சுவரோடு அடுக்கியிருந்தன. முன்பக்கம் வெறும் தரை.

"தாசன், ஏன் எல்லாத்தையும் பின்னுக்கு ஏத்தினனீர்?"

அவர் முகத்தைத் துடைத்தபடி வந்தார். "முன்பாரம் கூடினா கஷ்டமெல்லே, மச்சான். மன்னாரிலை எங்களிட்டை வண்டில் நிண்டது. முன்பாரம் விழுந்தா மாட்டின்ரை கழுத்துப் புண்ணாகும். அதுதான் பிக்கப்புக்கு நோகாமல்..."

"ஐயோ, உது மாடில்லையப்பா!"

எனக்குச் சிரிப்பு வந்தது. இழுக்கிற பெட்டிக்குக் கொழுவியில் கொஞ்சம் பாரம் இருந்தே ஆக வேண்டும். பின்பாரம் கூடினால் வேகத்தில் வாலாட்டும். புதிதாய்ப் பெட்டி வாங்குகிறவன் முதலில் படிக்கிற பாடம் அது. ஆனால் பிக்கப்பின் கழுத்துக்காகப் பரிதாபப்பட்டு அதை மறந்தவர் தாசன் ஒருவராகத்தான் இருப்பார்.

"மச்சான்." அவர் குரல் இறங்கியிருந்தது. "சொல்லுங்கோ. இது எங்களுக்குச் சரிவராதோ? விக்கவோ?"

நிர்மலா கதவைத் திறந்து ஒரு கால் வெளியே வைத்தபடி என்னைப் பார்த்தாள். ஓம் என்ற ஒரு சொல்லுக்காகத்தான் நான் சமுத்திரம் தாண்டி வந்திருந்தேன். இப்போது சொன்னால் காரியம் முடிந்தது.

"பிக்கப்பிலை பிழையில்லை" என்றேன். "பாரம்தான் பிழை. வாரும், மாத்தி அடுக்குவம்."

கல்லை இருவரும் முக்கி முன்னுக்கு நகர்த்தினோம், மூட்டையைச் சில்லுக்கு மேலே வைத்தோம். தாசன் முன்னால் போய் ஏறிய பிறகு நிர்மலா என் கையைப் பிடித்தாள்.

"அவர் கேட்டவரெல்லே. சொல்லியிருக்கலாமே."

"பொய் சொல்லச் சொல்றியே?"

"ஓம். எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம்."

அதற்குப் பிறகு பெட்டி ரயில் மாதிரி நேராக வந்தது.

மைதானம் கடலோரத்தில். பிள்ளைகள் தமிழில் தொடங்கி இத்தாலியனில் சண்டை பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஒலிபெருக்கியில் சாக்கு ஓட்டத்துக்கு ஆள் கூப்பிட்டார்கள். பெட்டியைக் கழற்றி, தாசன் ஒரு கைபிடியைக் கொழுவிச் சுழற்றி, மூலைக்கொன்றாய் அதன் இரும்புக் கால்களை இறக்கத் தொடங்கினார். ஆட்டமில்லாமல் நிற்பதற்கான கால்கள் அவை. வழியில் ஓரிரவு நிற்கிற ஆளுக்கு அதெல்லாம் நேர மினக்கேடு. நான் பிக்கப்பிலிருந்து பெட்டியைக் கழற்றுவதே குறைவு, கால் இறக்கியதே இல்லை.

நிர்மலா ஒரு மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் காலும் நிலத்தில் ஊன்றியதும் மெதுவாய் வந்தாள். பெட்டியின் பக்கத்தில் கையை வைத்துத் தள்ளிப் பார்த்தாள். திரும்பவும் தள்ளினாள், இந்த முறை தோளால். அசையவில்லை. சேலைக் கரையைச் செருகிக்கொண்டு படியில் ஏறினாள். உள்ளே போய்க் கல்லைத் துடைத்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள். தாசன் கைபிடியைக் கையில் வைத்தபடி வாய் பிளந்து நின்றார்.

பிறகு என்ன, கொத்துச் சத்தம்! பலேர்மோவில் உள்ள தமிழன் முழுப்பேரும் வரிசையில் நின்றான். அவள் உள்ளே இருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், நக்கலடித்தாள், உறைப்புக் காணாது என்றவனுக்கு ஒரு கரண்டி மிளகாயை அள்ளிப் போட்டாள். நான் ஒரு தட்டுச் சாப்பிட்டேன். திறமான கொத்து. சாப்பிட்டு முடியவும் என் கண் கடலோரம் போயிற்று. அந்த முனைக்கு அப்பால் என்ன இருக்கும், பிக்கப்பைக் கேட்டு வாங்கி ஒருக்கால் போய்ப் பார்ப்போமா என்று எழும்பினேன்.

"அண்ணை." யன்னலுக்குள்ளால் நிர்மலா கூப்பிட்டாள். சனம் குறைந்திருந்தது, கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "சண்டையிலை ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு, உழவு மிசின் பெட்டியிலை நீ எங்கை இருந்தனி?"

எனக்கு அந்த நாளைப் பற்றி அவளோடு கதைத்த ஞாபகமே இல்லை. "முன்னுக்கு. ட்ரைவருக்குக் கிட்ட."

"நான் கடைசியிலை, மூட்டையளுக்கு மேலை, பின்னுக்குப் பாத்துக்கொண்டு. எங்கடை வீடு சின்னனாகிச் சின்னனாகிப் போய் மறையும்வரைக்கும் பாத்தனான். கூப்பிட்டனான் உன்னை, பார் அண்ணை பார் எண்டு. நீ திரும்பேல்லை. றோட்டைத்தான் பாத்தாய்." ஒரு கோப்பையை எடுத்துத் துடைத்தாள். "சாமான் ஏத்தின பெட்டியைக் கண்டா இண்டைக்கும் எனக்கு அந்த வீடுதான் தெரியுது. உனக்கெண்டா அது இழுபட்டுக்கொண்டே இருக்க வேணும். நீ நிண்டால் என்ன, அண்ணை? ஆர் வரப்போகினம் உன்னைக் கலைக்க?"

கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் முடியவில்லை. வெளியே கிடந்த கதிரையில் இருந்தேன். ஒலிபெருக்கி பரிசளிப்புக்குக் கூப்பிடும்வரை அங்கேயே இருந்தேன். அது எனக்குச் சாதாரண காரியமில்லை.

பிறகு தாசனைக் கூப்பிட்டேன். "பிக்கப்பை வித்துப்போடும்."

"பிழையில்லையெண்டு நீங்கள்தானே சொன்னியள், மச்சான்?"

"பிக்கப்பிலை ஒரு பிழையுமில்லை. பெட்டியை மட்டும் வைச்சிரும். கால் இறக்கின பெட்டிக்கு இழுவை என்னத்துக்கு?"

தாசன் நிர்மலாவைப் பார்த்தார். அவள் கல்லைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "சால்வோவின்ரை கராஜ் முற்றத்திலை விடச் சொல்லிக் கேளுங்கோ. உது அங்கை அசையாமல் நிண்டா, நான் சமைக்க வருவன். பின்னேரம் பின்னேரம்."

தாசன் பிக்கப்புக்குப் போனார். உள்ளே ஏறி இருந்து, சட்டை நுனியால் ஸ்டீரிங்கைத் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். நான் கிட்டப் போனதும் கண்ணாடியை இறக்கினார்.

"சொன்னால் சொன்னதுதான், விக்கிறன்" என்றார். பிறகு, "உங்கடையை எப்ப விக்கிறியள், மச்சான்?"

திங்கட்கிழமை காலை நிர்மலா வேலைக்குப் போகும் வழியில் சினியோராவிடம் ஓம் சொல்லிவிட்டாள். தாசன் என்னை விமான நிலையத்துக்குப் பிக்கப்பிலேயே கொண்டுவந்து விட்டார். கடைசி ஓட்டம் என்று இருவருக்கும் தெரியும்; எரிவாயுவில் ஓடாமல் பெட்ரோலிலேயே ஓட்டினார், சத்தம் நல்லாயிருக்குமென்று.

விமானம் பிந்தியது. வழக்கமாய் அந்த நேரத்துக்கு நான் நிலையத்தை நாலு தரம் சுற்றியிருப்பேன். இந்த முறை ஒரு கதிரையில் இருந்தபடி சுகந்திக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"முன்வீட்டுக்காரர் திரும்பவும் கேட்டவர்" என்றாள். "பிக்கப்பையும் பெட்டியையும் குடுப்பியளோ எண்டு. என்ன சொல்ல?"

"வந்து சொல்றன். நீர் ஒரு வேலை செய்யும். போய் எங்கடை பெட்டியின்ரை காலை இறக்கி விடும். நான் வந்து, எங்கையும் இழுக்கப் போறேல்லை. வாசல்லையே அதுக்குள்ளை இருந்து ரெண்டு பேரும் தேத்தண்ணி குடிப்பம்."

மறுபக்கத்தில் யன்னல் திரையை விலக்கும் சத்தம் கேட்டது.

"கால் எண்டா?" என்றாள் சுகந்தி. "எங்கடை பெட்டிக்கும் கால் இருக்கே?"